புல்லு வெட்டுறது, மோட்டார் சைக்கிள் கழுவுறது, ராத்திரி 'அது', இதெல்லாம் கார்டியோ, அதாவது நெஞ்சுக்கு வேலை குடுக்குற எக்சர்சைஸ் கணக்குல வருமா?

சுங்கை சிப்புட் பக்கத்து தாமான்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 56 வயசு, முன்னாடி எஸ்டேட்ல செம்பனை குலை வெட்டுனவரு, இப்போ ஃபேக்டரியில ஜாகா (காவல்) வேலை. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி நெஞ்சு ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்ங்கிற சின்ன வலைக்குழாய் வெச்சாங்க, டாக்டர் தினமும் நடக்கணும்னு சொன்னாரு, இவரு நடக்கவே மாட்டேங்குறாரு. ஜிம்முல கேட்டா ஹார்ட் பேக்கேஜ்னு காசு கேக்குறாங்களாம். "வீடு கூட்டுறேன், மோட்டார் கழுவுறேன், கோயில்ல புல்லு வெட்டுறேன், ராத்திரி அதுவும் இருக்கு, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்"னு கேக்குறாராம். அக்காவோட பயம் வேற, அந்த நேரத்துல அவரு நெஞ்சுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. கடைசியில ஒரு வரி, "இப்ப பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) வாங்குன கோப்பி ஒன்னு குடிக்கிறாரு, பரவாயில்லையா"ன்னு. அக்கா, நீங்க முதல்ல எழுதியிருக்க வேண்டியதே அந்த வரிதான், அதுக்கு வரேன்.

முதல்ல ராத்திரி விசயம். நா பிசியோ வேலையில இத்தனை வருசத்துல பாத்தது, இதை யாருமே டாக்டர்கிட்ட கேக்குறதில்ல, டாக்டரும் சொல்றதில்ல, ரெண்டு பேரும் வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. செக்ஸ் நெஞ்சுக்கு குடுக்குற வேலை கொஞ்சம் வேகமா நடக்குற அளவு, இல்லாட்டி ரெண்டு மாடி படி ஏறுற அளவு, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரரு பத்து நிமிசம் விறுவிறுன்னு நடந்து, அப்படியே 20 படி நிக்காம ஏறி, நெஞ்சு வலிக்காம, தலை சுத்தாம, ரொம்ப எளைக்காம இருந்தாருன்னா பயப்பட வேண்டியதில்ல. முதல் தடவ நீங்களும் கூட ஏறுங்க. ஹார்ட் அட்டாக் வர்ற கேஸ்ல செக்ஸால வந்ததுன்னு சொல்லக்கூடியது நூத்துக்கு ஒன்னு கூட கெடையாது. வயிறு முட்ட சாப்பிட்ட கையோட வேணாம், நைட் ஷிப்ட் முடிச்சு அசந்து வந்த கையோடயும் வேணாம்.

சரி, அது எக்சர்சைஸா? நேரத்தை பாருங்க. 2013ல ஒரு பெரிய மெடிக்கல் ஜர்னல்ல கணக்கு போட்டாங்க, சாதாரணமா ஒரு தடவைக்கு ஆறு நிமிசம், அதுக்கு செலவாகுறது சுமார் 21 கலோரி. ஒரு கிளாஸ் தே தாரேல (இனிப்பு பால் டீயில) அதைப் போல அஞ்சாறு மடங்கு இருக்கு. அதே வருசம் கனடாவுல மொண்ட்ரியால்ல 21 ஜோடிகளை வெச்சு அளந்ததுல ஆம்பளைக்கு சுமார் 100 கலோரி, பொம்பளைக்கு 69ன்னு வந்துச்சு, நேரமும் சராசரி 24 நிமிசம், ஆனா அதுல எல்லாரும் 18ல இருந்து 35 வயசுக்குள்ள, நல்ல ஆரோக்கியமா இருந்த பசங்க. வாட்சப்ல 'செக்ஸ் அரை மணி நேரம் ஓடுறதுக்கு சமம்'னு வர்றதை நம்பாதீங்க, அந்த 21 ஜோடியையே மெஷின்ல அரை மணி ஓட விட்டப்போ ஆம்பளைக்கு 276 கலோரி போச்சு. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு வாரத்துக்கு கொறைஞ்சது 150 நிமிசம். வாரத்துக்கு ரெண்டு ஆறு நிமிசம் எத்தனைன்னு அண்ணனையே கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள அது நல்லது, இருக்கட்டும், கணக்குல மட்டும் சேக்காதீங்க.

வீட்டு வேலைய நா தள்ளிவிட மாட்டேன். முன்னாடி பத்து நிமிசம் தொடர்ந்து செஞ்சாதான் கணக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2020ல அதை எடுத்துட்டாங்க, துண்டு துண்டா செஞ்சாலும் சேரும். ஆனா மூச்சு கொஞ்சம் ஏறணும், பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. வீட்டை நல்லா குனிஞ்சு நிமிந்து கூட்டுனா சேரும். மோட்டார் கழுவுறது, பைப்ப புடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னா சேராது. பாத்திரம் கழுவுறது சேராது. புல்லு வெட்டுறது நல்லாவே சேரும், ஆனா கோயில்ல மாசத்துக்கு ஒரு தடவதானே வெட்டுறாரு. வருசத்துக்கு ஒரு தைப்பூசத்துக்கு பத்துமலை 272 படி ஏறிட்டு, மிச்ச நாளெல்லாம் நாற்காலியில உக்காந்திருக்கவங்களையும் நா பாக்குறேன், நெஞ்சுக்கு வாராவாரம் வேலை குடுக்கணும். கைக்கடிகாரத்துல நாடி ஏறலன்னு சொல்லுவாரு, அவரு சாப்பிடுற பீட்டா பிளாக்கர் மாத்திரையே நாடிய ஏற விடாது, அதனால கடிகாரத்தை விட்டுட்டு பேச்ச வெச்சு பாக்க சொல்லுங்க.

இப்ப ஒன்ன நா நிறுத்தி சொல்லணும். கனமா தூக்குற வேலை கார்டியோ கெடையாது. நம்ம ஆளுங்க இதுலதான் ஏமாந்துட்டாங்க. 1953ல லண்டன்ல டபுள் டெக்கர் பஸ்ஸுங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நாளெல்லாம் உக்காந்திருந்த டிரைவருங்களுக்கு வந்த அளவு ஹார்ட் நோய் மாடிப்படி ஏறி எறங்குன கண்டக்டருங்களுக்கு வரல. அதை கேட்டுட்டு வேர்வை சிந்துறவனுக்கு ஹார்ட் வராதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டோம். ஆனா 2021ல கோப்பன்ஹேகன்ல ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்களை பாத்தப்போ, ஓய்வு நேரத்துல நடந்தவங்க, ஓடுனவங்களுக்கு நெஞ்சு நல்லா இருக்கு, வேலையில பாரம் தூக்குறவங்களுக்கு ஹார்ட் பிரச்சனை கூடத்தான் இருந்துச்சு. ஏன்னா தூக்கும்போது மூச்ச புடிச்சுக்குறோம், கை, தோள்பட்டை சதை இறுகி நிக்குது, பிரஷர் குபீர்னு ஏறுது, எட்டு மணி நேரம் அப்படியே போகுது, வெயில் வேற, நடுவுல ஓய்வு கெடையாது. எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க, விடியக்காலையில 400, 500 மரம், ஒவ்வொரு மரமா நடந்துக்கிட்டே இருப்பாங்க, அது கண்டக்டர் வேலை மாதிரி. எங்கப்பா செம்பனை குலை வெட்டுனவரு, அரிவாள் கட்டுன நீளக் கம்ப தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு அண்ணாந்து இழுக்கணும், விழுந்த குலைய தூக்கி வண்டியில போடணும். உடம்பு இரும்பு மாதிரி இருந்துச்சு, 58 வயசுல நெஞ்ச புடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கல. அவருக்கு எக்சர்சைஸ் வேணும்னு நாங்க யாருமே நெனச்சதில்ல. அதனால அண்ணே "நா பாக்காத வேலையா"ன்னு சொன்னா, அக்கா, விடாதீங்க. பழைய வேலை பேங்குல போட்ட காசு மாதிரி இருந்துக்கிட்டே இருக்காது, விட்டுட்டா சில மாசத்துலயே கரைஞ்சிடும். இப்பவும் கேஸ் தோம்பு தூக்குறது, அரிசி மூட்டை தூக்குறதையெல்லாம் எக்சர்சைஸ்னு சொல்ல விடாதீங்க, தூக்கித்தான் ஆகணும்னா மூச்ச விட்டுக்கிட்டே தூக்கச் சொல்லுங்க.

இப்போ அந்த கோப்பி. அக்கா, இன்னைக்கே நிறுத்துங்க, பாக்கெட்ட மட்டும் தூக்கிப் போடாம வைங்க. 'ஆம்பளைங்க கோப்பி', தொங்காட் அலி (ஆம்பளை சக்திக்குன்னு விக்கிற மூலிகை வேர்) கோப்பி, தேன் பாக்கெட்டுன்னு விக்கிறதுல வயாக்ராவுல இருக்குற சில்டெனாபில், இல்லாட்டி அதே மாதிரி மருந்தான தடாலாபில் கலந்திருந்ததை நம்ம சுகாதார அமைச்சே பல தடவ புடிச்சு அறிவிச்சிருக்கு. பாக்கெட்டுல எழுதியிருக்காது, எவ்வளவு கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. அண்ணனுக்கு நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லி சின்ன பாட்டில்ல ஜிடிஎன் மாத்திரை குடுத்திருப்பாங்க. அந்த கோப்பியும் இந்த மாத்திரையும் ஒடம்புல சேந்தா பிரஷர் ஒரேயடியா விழுந்து ஆளே போயிடலாம். சில்டெனாபில்னா ஒரு நாள், தடாலாபில்னா ரெண்டு நாள் இடைவெளி வேணும், கோப்பியில எது இருக்குன்னு தெரியாததால ரெண்டு நாள்னே வெச்சுக்குங்க. குடிச்ச ரெண்டு நாளுக்குள்ள நெஞ்சு வலி வந்தா மாத்திரை வைக்காம 999க்கு போன் பண்ணி, கோப்பி குடிச்சதை வெக்கப்படாம சொல்லுங்க.

'கேகேஎம் லுலுஸ்', அதாவது சுகாதார அமைச்சு அனுமதிச்சதுன்னு அட்டையில பெருசா போட்டிருப்பான், அதை நம்பாதீங்க. மாத்திரை, கேப்சூல்னா மால் (MAL) பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும், நம்பரை மருந்துகளை பதிவு பண்ணுற என்பிஆர்ஏ (NPRA) வெப்சைட்ல போட்டுப் பாக்கலாம், பிள்ளைங்கள பாக்கச் சொல்லுங்க. கோப்பிய உணவுன்னு விக்கிறதால அந்த நம்பரே இருக்காது, அந்த ஓட்டையிலதான் இவனுங்க பொழைக்கிறானுங்க. 1956ல போட்ட சட்டமே ஹார்ட்டுக்கு, கிட்னிக்கு, செக்ஸ் சக்திக்குன்னு சொல்லி மருந்துக்கு விளம்பரம் பண்ணக்கூடாதுங்குது, ஆனா பசார் மாலாம்ல மைக் வெச்சு கூவுறான், போன்ல ஏஜெண்ட் அக்கா மெசேஜ் அனுப்புறாங்க. ஏஜெண்டா வர்றவங்க சொந்தக்காரங்களா, தெரிஞ்சவங்களா இருப்பாங்க, "என் வீட்டுக்காரரே குடிக்கிறாரு"ம்பாங்க, அதுக்காகவெல்லாம் வாங்காதீங்க. உண்மையிலயே அந்த விசயத்துல கொறை இருந்தா அதுவே ஹார்ட் ரத்தக்குழாய் பிரச்சனையோட அடையாளமா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லணும்.

இதெல்லாம் ஏன் பசார் மாலாம்காரன் சொல்லித் தெரிய வேண்டியிருக்குன்னு எனக்கு கோவம் வருது. ஸ்டென்ட் வெச்சு ரெண்டு மூணு நாள்ல அனுப்பிடுறாங்க, ஒரு தாளு குடுக்குறாங்க, அது மலாய்ல இருக்கு, கண்ணாடி இல்லாம படிக்கவே முடியாது. ஹார்ட் ரிஹேப், அதாவது எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்து நெஞ்ச தேத்துற பயிற்சி, பெரிய ஆஸ்பத்திரியிலதான், காலையில போகணும், ஜாகாவுக்கு அந்த நேரம் லீவு கெடைக்காது, பஸ்ஸும் இல்ல, ரெண்டு தடவ வரலன்னா பேரை எடுத்துடுறாங்க. நாலு மாசத்துக்கு ஒரு அப்பாயிண்ட்மென்ட், அதுல அஞ்சு நிமிசம், "எக்சர்சைஸ் பண்ணுங்க பாக்சிக்". என்ன எக்சர்சைஸ், எவ்வளவு, யாரு சொல்றா?

நா சொல்றேன். வேலைக்கு போறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் தாமானை சுத்தி, ஃபேக்டரியில ஓய்வு நேரத்துல வேலியோரமா பத்து நிமிசம், வீட்டுக்கு வந்து நீங்களும் கூட சேந்து பத்து நிமிசம், வாரத்துக்கு அஞ்சு நாள், 150 வந்துடும். முதல் வாரம் அஞ்சஞ்சு நிமிசமா ஆரம்பிக்கட்டும். மத்தியான வெயில்ல வேணாம். நடக்கும்போது நெஞ்சு அழுத்துனா உடனே உக்காரணும், அந்த கோப்பி குடிச்சு ரெண்டு நாளுக்கு மேல ஆச்சுன்னா ஜிடிஎன் வைக்கணும், அஞ்சு நிமிசத்துல கொறையலன்னா 999.

ஜிம்முல ஹார்ட் பேக்கேஜ்னு 300, 400 வெள்ளி கேக்குறாங்கன்னு சொன்னீங்கல்ல, குடுக்காதீங்க. நாளைக்கு காலையில மருந்து பையையும் அந்த கோப்பி பாக்கெட்டையும் ஒன்னா எடுத்துக்கிட்டு கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) பார்மசி கவுண்டருக்கு போங்க. "இதுல என்ன இருக்கு, இந்த மாத்திரையோட சேருமா, வயாக்ரா மாதிரி கலந்திருக்குமோன்னு பயமா இருக்கு"ன்னு அப்படியே சொல்லுங்க. கூட்டம் இருந்தா ஓரமா கூப்பிட்டு பேசச் சொல்லி கேளுங்க, அண்ணே வரலன்னாலும் நீங்க போங்க.