எடை குறைப்பு அறுவைக்கு முன் மனநலப் பரிசோதனை: மாத்திரை சாப்பிடுவதை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 158 செ.மீ., எடை 108 கிலோ. சர்க்கரை நோயும் இருக்கிறது. எடை குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பதற்கு முன், மனநலப் பரிசோதனைக்குப் போய் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான்கு வருடமாக மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடு இரவில் எழுந்து எதையாவது சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வருகிறது. "இதையெல்லாம் சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள், வாயைத் திறக்காதே" என்கிறார் அக்கா. வயிறு சின்னதாகிவிட்டால் ராத்திரி சாப்பிடுவது தானாக நின்றுவிடாதா? பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை?

பதில்: அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் கேட்காதீர்கள். மாத்திரையையும் சொல்லுங்கள், நடு இரவில் எழுந்து சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. இந்த அறுவைக்கு வருகிறவர்களில் மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்கள் ஏராளம். நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான்கு வருடமாக ஒரே அளவு மாத்திரையில் நிலையாக இருக்கிறீர்கள் என்றால், மருந்தை விடாமல் சாப்பிடக்கூடியவர் என்று அர்த்தம். அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை போடப்போகிறவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் இல்லை. உடல் கணக்கிலும் தடை இல்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண் உங்களுக்கு 43. 1991இல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோல் 40, இணை நோய் இருந்தால் 35. 2022இல் பன்னாட்டு அமைப்புகள் அதைத் தளர்த்தி, 35 இருந்தாலே போதும் என்றன.

மறைத்தால் என்ன ஆகும்? ஆபரேஷன் முடிந்த அன்றே சிக்கல் தொடங்கலாம். வலிக்கு அடிக்கடி கொடுக்கும் மருந்து டிரமடால். அது எஸ்சிட்டலோப்ராமுடன் சேரும்போது செரட்டோனின் அளவு மிஞ்சி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். வலிப்பு வரும் ஆபத்தும் கூடும். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் எஸ்சிட்டலோப்ராமும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் மின்னோட்டம் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. தெரிந்தால் மயக்க மருத்துவர் மருந்தை மாற்றிக்கொள்வார், அல்லது ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே கொடுப்பார். தெரியாதவர் என்ன செய்வார்?

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பரிசோதனைக்குப் பத்து நாள் முன்னதாக மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தலைசுற்றல், உடம்பில் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை என்று எல்லாம் ஒரு வாரத்துக்குள் வந்து சேரும். உள்ளதிலேயே மோசமான நிலையில் போய் மதிப்பீட்டாளர் முன் உட்காருவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது!

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. வயிறு சின்னதானால் இரவுச் சாப்பாடு நின்றுவிடாதா? முதல் சில மாதங்கள் நிற்கலாம். ஸ்லீவ் என்ற அறுவை முறையில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவதால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைகிறது. இன்னொரு முறை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல): வயிற்றில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைப்பார்கள். அதில் உணவு இறங்கும் பை சுமார் 30 மி.லி.தான். அந்தக் காலத்தில் சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் திருப்புகிறவர்களும் உண்டு. ஆனால் நடு இரவில் உங்களை எழுப்புவது வயிறு அல்லவே. எழுப்புகிற காரணம் அப்படியே இருந்தால், ஆறாவது மாதத்துக்குப் பிறகு அது வேறு உருவத்தில் திரும்பி வரும். ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட முடியாது; அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு கை என்று இரண்டு மணி நேரம் கொறிப்பது நடக்கும். ஐஸ்கிரீம், சாக்லேட், மில்க் ஷேக் போன்றவை வயிற்றில் தங்காமல் கரைந்து இறங்கிவிடும். அந்தச் சின்னப் பை அவற்றைத் தடுக்காது. ஆபரேஷன் ஆகியும் எடை மறுபடி ஏறுகிறது என்று வருகிறவர்களைக் கிளறிக் கேட்டால், பெரும்பாலும் இந்தக் கொறிப்புதான் வெளியே வரும்.

ஆகவே உங்கள் இரவுச் சாப்பாடு எந்த வகை என்று முன்பே பிரித்துப் பார்ப்பது அவசியம். இரவு உணவுக்குப் பிறகு, அன்றைய மொத்தச் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல் சாப்பிடுவதும், வாரம் இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடுவதும் இரவு உணவு நோய்க்குறியின் அடையாளங்கள். பெருந்தீனி நோய் வேறு. இரண்டு மணி நேரத்துக்குள், மற்றவர்கள் சாப்பிடக்கூடியதைவிட மிக அதிகமாக, "நிறுத்த முடியவில்லை" என்ற உணர்வோடு, வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றதே 2013இல்தான். காலையில் எழுந்து பார்த்தால் பாத்திரம் காலியாகக் கிடக்கிறது, ஆனால் சாப்பிட்டதே நினைவில்லை என்றால் அது மூன்றாவது வகை. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரையாலும் அப்படி நடக்கும்.

உங்கள் விஷயத்தில் மனத்துக்கு வெளியே இரண்டு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால், நள்ளிரவில் சர்க்கரை இறங்கிப் பசி எழுப்பலாம். அடுத்த முறை எழும்போது வாயில் எதுவும் போடுவதற்கு முன் விரல் நுனியில் குத்திப் பாருங்கள். 70 மி.கி.க்குக் கீழ் இருந்தால் அந்த நேரத்தில் சாப்பிடுவது தவறல்ல, அதுதான் சிகிச்சை. பிறகு மருந்தின் அளவைச் சர்க்கரை மருத்துவர் திருத்துவார். இன்னொன்று, குறட்டை. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை இந்த எடையில் சகஜம். அதுவும் இரவில் எழுப்பும். பகல் முழுக்கச் சோர்வாக, எதிலும் பிடிப்பில்லாமல் வைத்திருக்கும். மனச்சோர்வு என்று நினைத்ததில் ஒரு பகுதி இதுவாகக்கூட இருக்கலாம்.

பரிசோதனை அன்று என்ன நடக்கும்? ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பேச்சு, அதன் முன்னோ பின்னோ சில வினாத்தாள்கள். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ.-9: ஒன்பது கேள்விகள், 27 மதிப்பெண், 10ஐத் தொட்டாலே கூர்ந்து விசாரிப்பார்கள். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7, மதுப் பழக்கத்துக்கு பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட். சில இடங்களில் 338 வாக்கியங்கள் கொண்ட எம்.எம்.பி.ஐ. என்ற நீளமான தாளும் உண்டு. எல்லாக் கேள்விக்கும் "ஒரு குறையும் இல்லை" என்று குறித்தால் பிடிபடும். தன்னை மிக நல்லவராகக் காட்டிக்கொள்கிறவரைக் கண்டுபிடிக்கவே அந்தத் தாளில் தனி அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்.

பேச்சில் கேட்கப்படுவது: எடை எந்த வயதில், எந்தச் சூழ்நிலையில் ஏறியது, இதற்கு முன் எத்தனை முறை குறைத்து எத்தனை முறை ஏறியது, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் யார் துணை, தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்ததா, சிறு வயதில் யாராவது அத்துமீறியிருக்கிறார்களா. கடைசிக் கேள்வி பலரைத் திடுக்கிட வைக்கும். உடல் பருமனாக இருப்பதே ஒரு காப்பு என்று அடிமனதில் நினைத்திருப்பவருக்கு, எடை இறங்கும்போது பிறர் பார்வை மாறுவதே பயத்தைக் கிளப்பும். அதற்காகத்தான் கேட்கிறார்கள். அன்றைக்கே எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "ஒன்று இருக்கிறது, பிறகு பேசுகிறேன்" என்றால் போதும்.

"இந்த ஆபரேஷனில் என்ன செய்வார்கள், சொல்லுங்கள்" என்றும் கேட்பார்கள். ஸ்லீவில் வெட்டிய பகுதியைத் திரும்ப வைக்க முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும். "எடை குறைந்ததும் முதலில் என்ன மாறும்?" என்பது இன்னொரு கேள்வி. சர்க்கரை மருந்து குறையும், மூச்சு வாங்காமல் மாடி ஏறுவேன் என்பது நிறைவேறக்கூடிய பதில். கணவர் அன்பாக இருப்பார், மனச்சோர்வு போய்விடும் என்று சொன்னால் மதிப்பீட்டாளர் பேனாவை எடுப்பார். உங்களைத் தோற்கடிக்க இல்லை. எதிர்பார்த்தது நடக்காதபோது நீங்கள் விழாமல் இருக்க. சராசரியாக ஸ்லீவில் மொத்த எடையில் கால் பங்கு குறையும், பைபாஸில் 30 விழுக்காட்டை ஒட்டிக் குறையும். உங்களுக்குக் கணக்குப் போட்டால் 108 கிலோ, 75 முதல் 81 கிலோ வரை வந்து நிற்கும். 55 கிலோ உருவத்தை மனதில் வைத்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். தோல் தொங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு மூன்று விதமாக வரும்: ஒன்று, "செய்யலாம்"; இரண்டு, "செய்யலாம், கூடவே சிகிச்சையும் தொடரட்டும்"; மூன்று, "இப்போது வேண்டாம், சில மாதம் கழித்துப் பார்க்கலாம்". உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் வர வாய்ப்பு அதிகம். தள்ளிப்போடுவது அண்மையில் தற்கொலைக்கு முயன்றவருக்கு, மாயக்குரல் கேட்கும் அளவு மனநோய் கட்டுப்படாதவருக்கு, குடியையோ போதைப் பொருளையோ விடாதவருக்கு, சாப்பிட்டுவிட்டு விரலை விட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு. இவர்களுக்கும் கதவு நிரந்தரமாக மூடுவது அரிது.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் எழுதவில்லை என்றாலும். பைபாஸுக்குப் பிறகு ஒரே கோப்பை மது வேகமாக ரத்தத்தில் ஏறி, முன்பைவிட உயரத்துக்குப் போகும். சாப்பாட்டில் தேடிய ஆறுதலை மதுவில் தேடும் போக்கும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் செய்த ஒரு பெரிய ஆய்வில், மதுச் சிக்கல் முதல் வருடம் ஏறவில்லை. இரண்டாவது வருடம்தான் ஏறியது.

இரண்டாவது வருடம் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் எடை இறங்க இறங்கப் பாராட்டு வரும், மனமும் தெளியும். பிறகு எடை ஒரு இடத்தில் நிற்கும், பாராட்டு ஓயும், பழைய பிரச்சினைகள் இருந்த இடத்திலேயே இருப்பது தெரியும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது இரண்டாம், மூன்றாம் வருடங்களில் கூடுவதாகக் கனடா நாட்டு ஆய்வொன்று காட்டியது. மனநல மருத்துவரிடம் போவதை "இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே" என்று முதல் வருடத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் அப்போது தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மாத்திரைக்கும் கவனம் தேவை. பைபாஸுக்குப் பிறகு முதல் சில மாதங்களில் இந்த வகை மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் ரத்தத்தில் அளவு குறையலாம். நான்கு, ஐந்தாவது வாரத்தில் பழைய அழுகை திரும்பினால் "ஆபரேஷன் அசதி" என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். மெதுவாகக் கரையும் எக்ஸ்.ஆர். வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சாதாரண வகைக்கு மாற வேண்டும். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு நிலைமை நேர் எதிர்: நீர் வற்றும்போது அளவு ஏறி நச்சாகும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொன்று: நாள் கணக்கில் வாந்தி எடுத்தவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அதை மனநோய் என்று நினைக்கக் கூடாது. தயமின் என்ற பி1 விட்டமின் தீர்ந்துபோனதன் அறிகுறி அது. சில மணி நேரத்தில் ஊசி போட்டாக வேண்டும்.

இனி, தேதி வருவதற்குள் செய்ய வேண்டிய பயிற்சி. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: மணி, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, பசி பத்துக்கு எத்தனை, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது. கடைசிக் கட்டத்தைத்தான் பலர் காலியாக விடுவார்கள்; உளவியல் நிபுணர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். இரவு ஒரு மணிக்கு எழுந்தால் அப்போதே, படுக்கையில் உட்கார்ந்தே ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். போகப்போகத் தெரிந்துவிடும், எந்த இரவுகளில் எழுகிறீர்கள், அதற்கு முந்தைய பகலில் உணவைத் தவிர்த்தீர்களா, யாரோடு சண்டை என்பதெல்லாம். காலை உணவைத் தள்ளாமல் சாப்பிடத் தொடங்கியதுமே பாதிப் பேருக்கு இரவுப் பசி தணியும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் முதலில் முயன்று பார்க்க வேண்டியது அதுதான்.

சாப்பிடும் முறையையும் இப்போதே பழகுங்கள். தினம் ஒரு வேளை, சின்னத் தட்டு, டீஸ்பூன். ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். கூழாகும்வரை மெல்லுங்கள். விழுங்கியபின்தான் ஸ்பூனை மறுபடி எடுக்க வேண்டும். அந்தச் சின்னத் தட்டு 20 நிமிடம் நீடிக்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஐந்தாவது நிமிடமே தட்டு காலியாகிவிடும். இந்த முறையை ஆபரேஷனுக்குப் பிறகு, ஒரு வாய் அதிகமானாலே நெஞ்சு அடைத்து வாந்தி வரும் நிலையில் கற்றுக்கொள்வது கொடுமை.

பரிசோதனைக்குப் போகும்போது நோட்டு, பழைய மருந்துச் சீட்டுகள், சர்க்கரை அளவுகள், மாத்திரை அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். அக்காவையும் அழைத்துப் போங்கள். உங்களோடு தனியாகப் பேசி முடித்ததும், அக்காவையும் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்ட வரப்போவது அவராகத்தான் இருக்கும்.