வீட்டு ஓனர் சொல்லாமல் உள்ளே வரலாமா?

கேள்வி: கம்பம் நகராட்சியில் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் கேரளத்துக் குமுளிக்காரர். ஞாயிறன்று மலையிறங்கி வந்தால், நாங்கள் இல்லாவிட்டாலும் மாற்றுச் சாவி போட்டு வீட்டுக்குள் போய்ப் பார்க்கிறார். கேட்டால், ‘பிடிக்கலைன்னா மாசக் கடைசியில காலி பண்ணுங்க’ என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஓனர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வீடு நிற்கும் மாநிலத்தின் சட்டம்தான் பேசும். உங்களுக்குப் பொருந்துவது 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017).

அதன் 17-ஆம் பிரிவுப்படி, உள்ளே வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். காரணமும் நாளும் நேரமும் அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 7 முதல் இரவு 8 மணிக்குள். மராமத்துக்கு வரலாம், வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கிறதா என்று பார்க்க வரலாம், அக்ரிமெண்ட்டில் எழுதிய வேறு நியாயமான காரணத்துக்கும் வரலாம். ‘சும்மா பார்க்க’ என்பது காரணமே அல்ல. சனி மாலை 6 மணிக்குச் சொல்லிவிட்டு ஞாயிறு காலை 10 மணிக்கு வந்தால் இடைவெளி 16 மணி நேரம்தான்; அதுவும் செல்லாது. ஆனால் தீயோ, குழாய் உடைப்போ என்றால் மணிக்கணக்குப் பார்க்காமல் கதவைத் திறந்துவிடுங்கள்.

அவர் வந்துபோன தேதிகளைக் குறித்து, இந்தப் பிரிவைச் சொல்லி ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலும் ரசீதும் பத்திரம். வாடகையை மட்டும் நிறுத்தவே கூடாது. 2 மாதப் பாக்கி, காலி செய்யக் கேட்க அவருக்கே வழி திறந்துவிடும்.

வாய்வார்த்தையால் உங்களை வெளியேற்ற முடியாது, வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். ஒன்று முக்கியம்: அக்ரிமெண்ட் எழுத்தில் இருந்து, அந்த அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். எழுத்தில் இல்லாததே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். பதியவில்லையென்றால் சண்டைக்கு முன் அதை முடியுங்கள்.

கேள்வி: வீடு குமுளிப் பக்கம் இருந்தால்?

பதில்: அங்கே இந்த 24 மணி நேர விதி கிடையாது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, நியாயமான நேரத்தில் வந்து வீட்டின் நிலையைப் பார்வையிட ஓனரை அனுமதிக்கிறது. ‘நியாயமான’ என்பதில்தான் வாக்குவாதம் வரும். ஆகவே அக்ரிமெண்ட் போடும்போதே ‘ஒரு நாள் முன் வாட்ஸ்அப்பில் தெரிவித்து, குடியிருப்பவர் இருக்கும்போது மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.