கால்சியம் மாத்திரை போட்டால் பிரசவ வலி சீக்கிரம் வருமா? கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் மாதம் நடக்கிறது. கால்சியம் மாத்திரையால் கர்ப்பப்பை இறுகி முன்கூட்டியே வலி வந்துவிடும் என்று அத்தை பயப்படுகிறார். நிறுத்திவிடட்டுமா டாக்டர்?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. கர்ப்பப்பைத் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும், அதுவரை அத்தை சொல்வது சரி. ஆனால் தசைச் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப் போல சுமார் 10,000 மடங்கு. நீங்கள் மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ரத்தத்தில் உள்ள அளவை உடல் பெரிதாக ஏறவோ இறங்கவோ விடாது. வலி வருமா வராதா என்பது செல் சவ்வில் இருக்கும் கதவைப் பொறுத்தது, எல் வகை கால்சியம் சேனல் என்று அதற்குப் பெயர். இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் மட்டும் ஒரே வேளையில் போடாதீர்கள்.

கேள்வி: அந்தக் கதவை ஒன்பது மாதம் எது மூடி வைக்கிறது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. அந்தக் கதவு மின்னழுத்தத்துக்குத்தான் திறக்கும். செல்லிலிருந்து பொட்டாசியம் அதற்கான சேனல்கள் வழியே கசிந்துகொண்டே இருப்பதால் உட்பக்கம் நெகட்டிவாக நிற்கிறது, அப்படி நிற்கும் வரை கால்சியம் கதவு திறப்பது அரிது. நாள் நெருங்க நெருங்க அந்த நெகட்டிவ் குறைய, கதவு திறந்து கால்சியம் பாய்ந்து, உள்ளே கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, தசையைச் சுருக்கும் மயோசின் என்ற புரதத்தை இயக்கும் நொதியைத் தூண்ட, தசை இறுகுகிறது. அது மட்டும் போதாது. கனெக்சின் 43 என்ற புரதம் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பாலம் போட்டால்தான் கர்ப்பப்பை முழுக்க ஒன்றாக இறுகும், அந்தப் புரதத்தை அதுவரை அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். பாலங்கள் பெருகுவதற்கு முன்னால் வருகிற இறுக்கம் அங்கங்கே எழுந்து அடங்கிவிடும். சூட்டு வலி என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: தங்கைக்கு 30வது வாரத்தில் வலி வந்தது. பிரஷர் நார்மல்தான், ஆனாலும் பிரஷர் மாத்திரையான நிபெடிபின் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ?

பதில்: இல்லை, கவலைப்படாதீர்கள். நிபெடிபின் அடைப்பது இதே கதவைத்தான். ரத்தக் குழாய்த் தசையிலும் இதே கதவு இருப்பதால் பிரஷர் குறையலாம், தலைவலிக்கும், முகம் சூடாகும், அதனால்தான் அடிக்கடி பிரஷர் பார்ப்பார்கள். இந்த மருந்தால் பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. 48 மணி நேரம் கிடைத்தாலே பெரிது, அதற்குள் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி வேலை செய்துவிடும்.

கேள்வி: வலி வரவைக்க ட்ரிப்பில் போடும் ஆக்ஸிடோசின்?

பதில்: அது நேர் எதிர். செல்லுக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தையும் அவிழ்த்துவிடும், வெளியிலிருந்து வருவதையும் கூட்டும். சொட்டை அளந்து அளந்து ஏற்றுவது அதனால்தான்: இரண்டு வலிக்கு நடுவே தசை தளர்ந்தால்தான் குழந்தைக்கு ரத்தம் போகும்.