எண்ணெய்க் கிணற்றின் கேசிங் பைப் கசிந்தால், அதை வெளியே எடுக்காமல் எப்படி அடைப்பார்கள்?

"ஓட்டை விழுந்த பைப்பைக் கழற்றி மாற்ற முடியாதா?" என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். முடியாது. வேலையின் சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

கேசிங் என்பது பூமியைத் துளைத்ததும் இறக்கும் எஃகுக் குழாய். ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர். மரை முடுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, வெளிப்புறத்துக்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் ஏற்றிவிடுவார்கள். சிமெண்ட் இறுகிய இடத்தில் பைப்பை அசைக்க முடியாது. அதற்கு உள்ளே எண்ணெய் ஏறிவரும் ஒல்லியான குழாய்க்கு டியூபிங் என்று பெயர். அது கசிந்தால் உருவி எடுத்து வேறு போடலாம்.

பழைய கிணறுகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்ஓவர் ரிக்கில், காவிரிப் படுகையிலும் அப்புறம் வளைகுடாவிலும், இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது காரைக்குடி பக்கம் கோட்டையூரில் வீட்டோடு இருக்கிறேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்தவரை, அடைப்பதைவிடக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. பெரிய ஓட்டையைவிட ஊசித்துளைதான் அதிகம் படுத்தும்.

கசிவு முதலில் தெரிவது மேலே உள்ள அழுத்தமானியில். டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் நடுவே உள்ள சந்தில், அல்லது ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிய இரண்டு கேசிங்குகளுக்கு நடுவே, அழுத்தம் ஏறும். ஏறியதுமே பதறக் கூடாது. புதுக் கிணறு ஓட ஆரம்பித்தால் கீழிருந்து சூடாக எண்ணெய் வரும், சந்தில் உள்ள திரவம் விரியும், முள் தானாக ஏறும். வால்வைத் திறந்து இறக்கிவிட்டு மூடிப் பார்ப்போம். இறங்கியபடியே இருந்தால் அது வெறும் சூடு. மறுபடி ஏறினால் எங்கோ கசிகிறது.

எங்கே? எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஐப்பசி மழைக்கு இருந்தவர்களுக்கு இது புரியும். வளவில் ஓரிடத்தில் சொட்டும், உடைந்த ஓடு வேறெங்கோ இருக்கும். தண்ணீர் சட்டத்தைப் பிடித்து வழிந்து வந்து தனக்கு வசதியான இடத்தில் சொட்டும். கிணற்று வாயில் தெரியும் வாயுவும் அப்படித்தான், ஆயிரம் மீட்டர் கீழிருந்து வந்திருக்கலாம்.

அதனால் முதலில் கனமான உப்புக்கரைசலை ஏற்றிக் கிணற்றை அடக்குவோம். டியூபிங்கை உருவிவிட்டு, கீழே பிரிட்ஜ் பிளக்கும் (பைப்பை முழுதாக மூடும் அடைப்பான்) மேலே பேக்கரும் (டியூபிங்கைச் சுற்றியுள்ள சந்தை அடைக்கும் ரப்பர் அடைப்பான்) வைத்து, நடுவில் உள்ள பகுதிக்கு அழுத்தம் கொடுத்துப் பார்ப்போம். அழுத்தம் இறங்காமல் நின்றால் அந்தப் பகுதி நல்லது. இறங்கினால் அதையே பாதியாக்கி மறுபடி சோதனை. 2,000 மீட்டர் கிணற்றில் இப்படி எட்டுத் தடவை பாதியாக்கினால் ஒரே பைப் அளவுக்கு வந்துவிடலாம். சொல்ல எளிது, ஒவ்வொரு தடவையும் பேக்கரை நகர்த்தவே மணிக்கணக்காகும். வெப்பநிலையைப் பதியும் கருவியும் இறக்குவதுண்டு. வாயு சின்னத் துளையில் பீறிட்டு விரியும்போது அந்த இடம் குளிரும், வரைபடத்தில் ஒரு சின்னப் பள்ளமாகத் தெரியும். சத்தத்தைக் கேட்கும் கருவியும் உண்டு.

ஒரு ராத்திரி முழுக்க இப்படித் தேடியிருக்கிறோம். எந்த ஆழத்தில் வைத்தாலும் அழுத்தம் நிற்கவில்லை. விடியும்போது பார்த்தால் கசிந்தது எங்கள் சோதனைப் பம்பின் வால்வு! அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இடம் தெரிந்ததும் வழக்கமாகச் செய்வது ஸ்க்வீஸ், அதாவது சிமெண்ட் குழம்பை அழுத்தி ஓட்டைக்குள் ஏற்றுவது. தண்ணீரோடு ஆட்டிய மாவைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து மாவு துணியோடு கெட்டியாகப் படிகிறதல்லவா, அதே கதைதான். குழம்பு தண்ணீரை இழந்து ஓட்டையின் வாயில் இறுகுகிறது. அதனால் ஒரே மூச்சில் தள்ளக் கூடாது. கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம். ஒரு நாள்போலக் காத்திருந்து, உள்ளே மிஞ்சிய சிமெண்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அழுத்தச் சோதனை.

ஊசித்துளை படுத்துவது இந்த இடத்தில்தான். சாதாரணச் சிமெண்டில் பெரிய துகள்கள் 100 மைக்ரான்வரை இருக்கும். மரையில் கசியும் இடுக்குக்குள் அது நுழையாது. ஒரு கிணற்றில் இரண்டு தடவை ஸ்க்வீஸ் செய்தோம். தள்ளியதுமே அழுத்தம் ஏறி நின்றது, "அடைத்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டோம். துளைத்து எடுத்துப் பார்த்தால் அதே கசிவு. சிமெண்ட் உள்ளே போகவே இல்லை, வாசலில் படிந்திருக்கிறது. மூன்றாவது தடவை ரெசின், அதாவது துகளில்லாமல் திரவமாகப் போய் உள்ளே இறுகும் பிசின், ஏற்றியதும்தான் நின்றது. முதலில் வெறும் தண்ணீரைத் தள்ளி, ஓட்டை எவ்வளவு வாங்குகிறது என்று பொறுமையாகப் பார்த்திருந்தால் இரண்டு சிமெண்ட் வேலை மிச்சம். தண்ணீரையே சரியாக வாங்காத ஓட்டைக்கு மிக நுண்ணிதாக அரைத்த மைக்ரோஃபைன் சிமெண்டோ ரெசினோதான்.

ஒரு பைப் நீளத்துக்கே அரித்துப்போயிருந்தால் எதை ஏற்றினாலும் நிற்காது. உள்ளே ஒரு எஃகு உறையை இறக்கி, விரித்து, பழைய பைப்போடு ஒட்டவைப்பார்கள். இல்லையென்றால் அதைவிடச் சின்ன கேசிங்கை உள்ளே இறக்கிவிடுவார்கள். போன வருடம் எங்கள் வீட்டு போர்வெல்லில் செம்மண் தண்ணீர் வந்தபோது போர்க்காரர் செய்ததும் அதேதான். "அண்ணே, மேல் பைப் விட்டுப்போச்சு, உள்ளே சின்ன பைப் இறக்கிடுறேன்" என்றார். இறக்கினார். பழைய மோட்டார் உள்ளே போகவில்லை, சின்னது வாங்கினேன். எண்ணெய்க் கிணற்றிலும் விலை இதுதான்: உள்விட்டம் குறையும், பிறகு பெரிய கருவி எதுவும் கீழே போகாது.

பைப்பில் ஓட்டையே இல்லாமல், பின்னால் உள்ள சிமெண்டில் வழி விழுந்திருந்தால் வேடிக்கை. நல்ல பைப்பில் நாமே துளை போட்டு, அதன் வழியே சிமெண்ட் ஏற்றி, கடைசியில் அந்தத் துளைகளையும் அடைக்க வேண்டும்.

ஓட்டை ஏன் விழுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் அரிப்பு. உப்புத் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. அரிப்பு ஒரு மின்வேதியியல் சமாசாரம். அந்தத் துறைக்கென்றே எங்கள் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட நிறுவனம். கேசிங்கை எதிர்முனையாக வைத்துச் சிறிய டி.சி. மின்சாரம் கொடுத்து வெளிப்புற அரிப்பைத் தடுக்கலாம். உள்பக்கத்துக்கு அது உதவாது, அங்கே தடுப்பு மருந்து ஊற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், சில மாதத்திலேயே அடுத்த பைப்பில் இன்னொன்று விழலாம். அப்படி ஒரே கிணற்றுக்கு ரிக்கோடு மூன்று முறை போயிருக்கிறேன். நாலாவது முறை போனது சிமெண்ட் அடைப்பு வைத்து அதை நிரந்தரமாக மூட.