வைரம் பாய்ந்த மரத்துக்கு எந்த பார், எந்த செயின்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் 58 சிசி செயின்சா வைத்திருக்கிறோம். மெஷினோடு வந்த பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புத் தகடு) 22 அங்குலம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைச் சிரமமில்லாமல் அறுக்கிறது. காய்ந்து போன பலாவிலும் புளியிலும் வைத்தால் இன்ஜின் திணறுகிறது, பார் புகைகிறது. 24 அங்குல பார் போட்டால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?
– நாகலூர் வாசகர், ஏற்காடு

பதில்: வாங்காதீர்கள். நீளத்தைக் கூட்டினால் திணறல் கூடத்தான் செய்யும். 18 அங்குலத்துக்கு இறங்குங்கள்.

காரணம் எளிது. சாதாரண செயினில் இரண்டு டிரைவ் லிங்குக்கு ஒரு வெட்டுப்பல் இருக்கும். டிரைவ் லிங்க் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிப்பல். உங்கள் 22 அங்குல பாரில் வழக்கமாக 86 டிரைவ் லிங்க், அதாவது 43 வெட்டுப்பல். 18 அங்குலத்தில் 72 லிங்க், 36 பல். பார் முழுக்க மரத்துக்குள் இருக்கும்போது கீழ்வரிசைப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கின்றன. சில்வர் ஓக்கில் இது தெரியாது. புளியின் நடு வைரத்தில் ஒவ்வொரு பல்லும் இன்ஜினின் சக்தியைத் தின்னும். வேகம் விழும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும். பாரின் நீளம் கூடினாலும் ஆயில் பம்ப் ஊற்றுகிற அளவு கூடாது என்பதால் மூக்குப் பக்கம், அதாவது பாரின் நுனிக்கு, ஆயில் போய்ச் சேராமல் பாரும் கருகும்.

18 அங்குலம் போதுமா என்று சந்தேகம் வேண்டாம். இரண்டு பக்கமும் மாறி நின்று அறுத்தால் 30 அங்குலம் வரை விட்டமுள்ள மரத்தைச் சமாளிக்கலாம். அதைவிடப் பெரிய காய்ந்த மரம் அடிக்கடி வருமென்றால் 70 சிசிக்கு மேற்பட்ட மெஷின்தான் தேவை. சின்ன இன்ஜினில் பெரிய பார் மாட்டுவது அதற்கு மாற்று ஆகாது. சரிவில் நின்று வேலை செய்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட பாரின் மூக்கு, கண்ணுக்குத் தெரியாத வாதிலோ கல்லிலோ இடிக்கும் வாய்ப்பு அதிகம். மூக்கின் மேல்பாதி இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும்.

கடைக்குப் போகுமுன் பழைய பாரின் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். பிட்ச் (செயின் ரிவெட்டுகளின் இடைவெளி அளவு), கேஜ் (பார் பள்ளத்தின் அகலம்), லிங்க் எண்ணிக்கை மூன்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் பிட்ச் 0.325, கேஜ் 0.058 அங்குலம், அதாவது 1.5 மி.மீ. எழுத்து அழிந்திருந்தால் செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்து, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுங்கள். 8.25 மி.மீ. வந்தால் அது 0.325. ஏறக்குறைய 9.5 மி.மீ. வந்தால் 3/8.

“18 அங்குல செயின் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். 0.325 பிட்ச்சிலேயே 18 அங்குல பாருக்கு 68, 72, 74 என்று மெஷினுக்கு மெஷின் லிங்க் மாறும். ரோலிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தரும் கடையில் லிங்க் எண்ணிக்கையைச் சொல்லி வாங்குங்கள், வாங்கியதும் அங்கேயே எண்ணிப் பாருங்கள். கேஜ் தவறினால் இன்னும் மோசம். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.3 மி.மீ. செயின் போட்டால் சாய்ந்து ஓடி வெட்டு வளையும். 1.6 மி.மீ. செயின் உள்ளேயே இறங்காது. பாரும் ஏதோ ஒன்றை வாங்கினால் பொருந்தாது. போல்ட் நுழையும் நீள்துளை, டென்ஷன் முளை உட்காரும் துளை, ஆயில் துளை மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய பாரைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

அடுத்து செயின் வகை. ஃபுல் சிசல் செயினின் பல்முனை சதுரமாகக் கூராக இருக்கும். பச்சை மரத்தில், மண் ஒட்டாத மரத்தில் வேகமாக அறுக்கும். காய்ந்த வைரத்திலும் புழுதி படிந்த பட்டையிலும் அந்தச் சதுர முனைதான் முதலில் உடையும். முனை போனால் செயின் போன மாதிரிதான். செமி சிசலின் முனை சற்று உருண்டிருக்கும். வேகம் கொஞ்சம் குறைவு, கூர் நிற்கும் நேரம் அதிகம். புளி, வேம்பு, கருவேலம், காய்ந்த பலா எதுவானாலும் செமி சிசல்தான் என் தேர்வு. சில்வர் ஓக் மட்டும் அறுப்பவருக்கு ஃபுல் சிசல் லாபம். அதிலும் மிளகுக்கொடிக்காக அடித்த ஆணியோ கட்டிய கம்பியோ பட்டைக்குள் புதைந்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

கேள்வி: காலையில் அரம் போட்ட செயின் கருவேல மரத்தில் பத்தே நிமிடத்தில் மழுங்குகிறது. வெட்டும் ஒரு பக்கமாக வளைகிறது. 0.325 செயின்தான். எங்கே தப்பு?
– ஆத்தூர் வாசகர்

பதில்: இரண்டு தப்பு. வளைவது வேறு, மழுங்குவது வேறு.

வளைந்தால், ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிட நீளமாக இருக்கின்றன என்று அர்த்தம். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் லேசாகவும் அரம் விழுவது சகஜம். பல்லின் மேல்தகட்டின் நீளத்தை அளந்து, இருப்பதிலேயே குட்டையான பல் எதுவோ அந்த அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் இறக்குங்கள். எல்லாம் சமமாக இருந்தும் வளைந்தால் பாரின் இரு விளிம்புகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது.

மழுங்குவதற்கு வருவோம். 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம். 3/8க்கு 5.2 அல்லது 5.5 மி.மீ., சின்ன மெஷின்களின் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) 3/8க்கு 4 மி.மீ. கையில் கிடைத்த அரத்தைப் போட்டால் பல்லின் வளைவே மாறிவிடும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே அமுங்கினால் முனை கொக்கியாக மெலிந்துவிடும். அப்படி மெலிந்த முனை முதல் வெட்டில் பிரமாதமாகக் கடிக்கும், கருவேலத்தில் உடனே மடங்கும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். மேல்தகட்டில் பொதுவாக 30 டிகிரி கோணம். வைர மரத்துக்கு 25 டிகிரியாகக் குறைத்தால் முனையில் இரும்பு கூடுதலாக நிற்கும்.

அரத்தை உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்பி வரும்போது பல்லில் உரச விடாதீர்கள். ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எத்தனை இழுப்பு போட்டாலும் ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை. முடிந்ததும் வெயிலில் பல்லின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வெள்ளைக் கோடாக மின்னினால் இன்னும் மழுக்கம் மீதியிருக்கிறது. கூரான ஓரத்தில் வெளிச்சம் தங்காது.

பல்லுக்கு முன்னால் திமில் போல நிற்கும் ரேக்கரை மறந்துவிடாதீர்கள். பல்லைவிட அது 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு முறை அரம் போட்டபின் ரேக்கரின் உயரத்தை அளக்கும் கேஜ் தகட்டை வைத்து, மேலே தெரிவதைத் தட்டையரத்தால் தேய்த்து, முன்முனையை உருட்டிவிடுங்கள். ரேக்கர் உயரமாக நின்றால் பல் கூராக இருந்தாலும் தூள்தான் விழும். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் செயின் மரத்தைக் கவ்விக் குதிக்கும், அது உயிருக்கே ஆபத்து. சரியாகத் தீட்டிய செயினிலிருந்து அவல் போலச் சீவல் பறக்கும். மாவாகக் கொட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டினால் பல்லின் இரும்பு நீலம் பாய்ந்து, பிறகு அரமே பிடிக்காது. வைர மரத்தில் ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயினுக்கு டிராக்டரிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றலாமா?
– மஞ்சக்குட்டை வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. அதில் மிதக்கும் இரும்புத்துகள் பம்பையும் பாரின் பள்ளத்தையும் அரிக்கும். தெறிப்பது உங்கள் தோலிலும் காபிச் செடியடி மண்ணிலும்தான். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய எஸ்ஏஇ 30 இன்ஜின் ஆயில் போதும், சமவெளி வெயிலில் 40. பெட்ரோல் டேங்க் காலியாகும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறைய காலியாக வேண்டும். ஆயில் மிச்சமிருந்தால் துளை அடைத்திருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளுக்கு மேலே பாரின் மூக்கை நீட்டி மெஷினை ஓட்டிப் பாருங்கள், ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

கேள்வி: புதுச் செயின் போட்ட முதல் நாளே தொங்கி இரண்டு முறை கழன்றது. மட்டமான செயினா?
– ஓமலூர் வாசகர்

பதில்: செயின் மேல் பழி போடுமுன் செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். தேய்மானப் பள்ளம் 0.5 மி.மீ. ஆழம் போயிருந்தால் புதுச் செயினையும் அது கெடுத்துவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது நல்ல கணக்கு. அதன் பிட்ச்சும் செயினின் பிட்ச்சும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்ப்ராக்கெட் நன்றாக இருந்தால் டென்ஷன்தான் கோளாறு. புதுச் செயின் முதலில் கொஞ்சம் நீளும். முதல் நாள் இரவே ஆயிலில் ஊறப் போடுங்கள். மாட்டி, பாதி வேகத்தில் ஓட்டி, மெல்லிய மரத்தில் பத்து நிமிடம் அறுத்து, நிறுத்தி ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள். இறுக்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி நட்டை முறுக்க வேண்டும், இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

கேள்வி: கார்பைடு (மிகக் கடினமான பொருள்) பதித்த பல் உள்ள செயின் வைர மரத்துக்கு நல்லதா?
– வாழப்பாடி வாசகர்

பதில்: மண்ணோடு சேர்ந்த வேர்க்கட்டை, கல்குவாரிப் புழுதி ஏறிய மரம் என்றால் யோசிக்கலாம். சுத்தமான வைர மரத்துக்கு விலை பல மடங்கு கொடுக்கத் தேவையில்லை. சாதாரண அரம் அதில் ஏறாது, வைரக்கல் துகள் பதித்த சாணைச் சக்கரம் வேண்டும். ஆணியில் பட்டால் பல் சில்லாகத் தெறிக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் மரம்தானே, நேராக அறுக்கலாமா?
– வெள்ளக்கடை வாசகர்

பதில்: முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலமானாலும் அதற்கென அமைத்த குழுவின் அனுமதி வேண்டும். ஈட்டி மரத்துக்கு 1994ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. வனத்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து, உத்தரவு கைக்கு வந்தபின் மெஷினை எடுங்கள்.

கேள்வி: பாரை எப்போது தூக்கிப் போடுவது?
– சங்ககிரி வாசகர்

பதில்: 0.325, 3/8 பார்களில் பள்ளத்தின் ஆழம் 6 மி.மீ.க்குக் கீழே போனால் டிரைவ் லிங்க் அடித்தரையில் உரசும், அப்போது மாற்றியாக வேண்டும். அதுவரை செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரு விளிம்பும் சமமாகத் தேயும். விளிம்பில் வெளியே மடிந்து நிற்கும் பிசிறைத் தட்டையரத்தால் எடுங்கள். பள்ளத்தில் அடைந்த தூளை மெல்லிய தகட்டால் சுரண்டி, ஆயில் துளையில் கம்பி விட்டுக் குத்துங்கள்.