சிறுநீர் அடைப்பும் புராஸ்டேட் வீக்கமும்: கேள்வி பதில்

அவசரப் பிரிவு டாக்டர்: சார், புராஸ்டேட் வீங்கிய ஒருவருக்குத் திடீர் அடைப்பு. 14 சைஸ் ஃபோலி (சிறுநீர் வடிக்கும் பலூன் டியூப்) பாதியில் நின்றுவிடுகிறது. 12 போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம் டாக்டர். மெல்லிய டியூப் புராஸ்டேட் இருக்கும் இடத்தில் மடங்கிச் சுருண்டுகொள்ளும். 16 அல்லது 18 எடுங்கள், அதன் விறைப்புதான் வழியைத் திறக்கும். ஆனால், டியூப் நுழைந்ததுமே முன்பகுதியில் தட்டி நின்றால் அது நீர்த்தாரை (சிறுநீர் வெளிவரும் குழாய்) சுருங்கியதாக இருக்கலாம். சிறிய சைஸ் அங்கேதான் உதவும்.

மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகைன் ஜெல்லி 10 முதல் 15 மி.லி. மெதுவாக ஏற்றி, நுனியை மூடிப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவசரத்தில் எல்லோரும் சுருக்குவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். பிறகு ஆணுறுப்பை நேராக நிமிர்த்திப் பிடித்துச் செலுத்துங்கள். தடுக்கும் இடத்தில் குத்தாமல் ஒரே சீரான அழுத்தத்தோடு காத்திருங்கள். சிறுநீர் கழிப்பதுபோல் லேசாக முக்கச் சொல்லுங்கள். அப்படியும் போகாவிட்டால் நுனி வளைந்த கூடே கத்தீட்டர். வளைவு வயிற்றைப் பார்த்தபடியே, 12 மணி திசையில் போக வேண்டும்.

டியூப் அதன் வெளிமுனை இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுதாக உள்ளே போய், சிறுநீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். சலைன் வேண்டாம், உப்பு படிந்து பலூன் குழாய் அடைத்துக்கொள்ளும். ஏற்றும்போது நோயாளி வலியால் துடித்தால் பலூன் நீர்த்தாரைக்குள் இருக்கிறது. உடனே நிறுத்தி, ஏற்றிய நீரை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் முன்தோலைப் பழையபடி இழுத்து மூடுங்கள். மறந்தால் சில மணி நேரத்தில் மொட்டு வீங்கி, தோல் இறங்க மறுக்கும்.

இரண்டு முயற்சி தோற்றாலோ ரத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டு யூராலஜியைக் கூப்பிடுங்கள். இடுப்பெலும்பு அடிபட்டு, சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால் முதல் முயற்சியே கூடாது.

வார்டு செவிலியர்: 500 மி.லி. வடிந்ததும் டியூபை மூடிக் கிளாம்ப் போடச் சொல்கிறார்கள். ஒரேயடியாக வடிக்கக் கூடாதா?

தாராளமாக வடிக்கலாம் சிஸ்டர். வேகமாகவும் மெதுவாகவும் வடித்து ஒப்பிட்ட ஆய்வுகளில், ரத்தக்கசிவிலோ பிரஷர் இறங்குவதிலோ பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. கிளாம்பைவிட முக்கியம், முதல் 15 நிமிடத்தில் எவ்வளவு வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது. 200 மி.லி.க்குக் குறைவென்றால் அது அடைப்புதானா என்றே யோசிக்க வேண்டும். ஒரு லிட்டரைத் தாண்டினால் நாள்பட்ட அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பின்னால் எடுக்கும் முடிவெல்லாம் இந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் நடக்கும்.

நோயாளியின் மகன்: அப்பாவுக்கு வலியே இல்லை. இரவில் படுக்கை நனைகிறது என்றுதான் அழைத்துப் போனோம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 4.2, இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றனவாம். டியூப் போட்டபின் நாளுக்கு 5 லிட்டர் வருகிறது. பயமாக இருக்கிறது.

திடீர் அடைப்பு வலியால் ஆளை மருத்துவமனைக்கு ஓட வைக்கும். உங்கள் அப்பாவுக்கு வந்தது சத்தமில்லாமல் சேர்வது. அதனால்தான் அதிகம் கெடுக்கிறது. கழித்து முடித்த பிறகும் சிறுநீர்ப்பையில் அழுத்தம் குறையாமல், அது மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. முதியவருக்குப் புதிதாகப் படுக்கை நனைந்தால் வயசுக்கோளாறு என்று விடாமல் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தேங்கிய உப்பும் யூரியாவும் வெளியேறுவதாலும், சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க முடியாததாலும் இத்தனை லிட்டர் வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். அதுவரை மணிக்கணக்கில் அளக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு 200 மி.லி.க்கு மேல் போனால் எடை, படுத்தும் நின்றும் பிரஷர், சோடியம், பொட்டாசியம் எல்லாம் கவனிக்கப்படும். அப்பா தெளிவாக இருந்தால் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும். டிரிப் தேவைப்பட்டால் வெளியேறியதில் பாதி அளவே ஏற்றுவார்கள். போனதையெல்லாம் ஏற்றினால் அந்தத் தண்ணீரே மறுபடி சிறுநீராகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்: அடைப்புக்கு ஆபரேஷன் முடியும்வரை "டியூபை எடுத்துப் பார்க்கலாம்" என்ற சோதனை இவருக்கு வேண்டாம். சிறுநீர் போவதுபோலத் தெரியும், உள்ளே சிறுநீரகம் மறுபடி கெடும்.

பொது மருத்துவர்: வலியோடு வந்த சாதாரண அடைப்பில் டியூபை எப்போது எடுக்கலாம்?

புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. அல்லது அல்ஃபுசோசின் 10 மி.கி. தொடங்கி 2, 3 நாள் கழித்து, காலையில் எடுங்கள். மறுபடி அடைத்தால் பகலிலேயே தெரிந்துவிடும். அதற்குள் மலச்சிக்கலைச் சரிசெய்து, சளி மாத்திரையையும் அமிட்ரிப்டிலினையும் நிறுத்திப் பாருங்கள். கழித்தபின் ஸ்கேனில் மிச்சம் 200 மி.லி.க்குள் இருந்தால் நிம்மதி. கண்புரை ஆபரேஷன் இருந்தால் டாம்சுலோசினோ அல்ஃபுசோசினோ சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்: டியூப் போட்ட மறுநாள் எடுத்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 18. புற்றுநோயா?

அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடைப்பும் டியூபும் அதை ஏற்றிவிடும். 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல், புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைட் சாப்பிடுபவராக இருந்தால், வரும் எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கவனிப்பவர்: டியூபைச் சுற்றிச் சிறுநீர் கசிகிறது. பெரிய சைஸ் போடச் சொல்லலாமா?

முதலில் பேக்கைப் பாருங்கள். அதில் ஒன்றும் சேரவில்லை என்றால் டியூப் மடங்கியிருக்கிறது, பேக் உயரத்தில் இருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது. பேக்கிலும் சேர்ந்து, பக்கத்திலும் கசிந்தால் சிறுநீர்ப்பை இறுகித் தள்ளுகிறது. அதற்குப் பெரிய டியூப் போட்டால் எரிச்சல்தான் கூடும்.

ஸ்டாஃப் நர்ஸ்: பலூன் நீர் இறங்கவில்லை. டியூபை வெட்டிவிடலாமா?

டியூபையே வெட்டினால் மிச்சம் உள்ளே நழுவிவிடும். சிரிஞ்சை மாட்டி, இழுக்காமல் விட்டுவையுங்கள்; பலமாக இழுத்தால் பலூன் குழாய் ஒட்டிக்கொள்ளும். இறங்காவிட்டால் 2 மி.லி. ஏற்றி மறுபடி முயலுங்கள். அப்படியும் முடியாவிட்டால் டாக்டர் வால்வுக் கிளையை மட்டும் வெட்டுவார், அல்லது மெல்லிய கம்பி செலுத்துவார், கடைசியாக ஸ்கேன் பார்த்து ஊசியால் பலூனைக் குத்துவார். அதிகம் ஏற்றி வெடிக்க வைப்பது கூடாது. எப்படி வெளியே வந்தாலும் பலூனை விரித்துப் பாருங்கள்; ஒரு துண்டு குறைந்தாலும் அது சிறுநீர்ப்பைக்குள் கிடந்து கல்லாகும், சிஸ்டோஸ்கோப்பி (உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து எடுத்தாக வேண்டும்.