ஒரே நோய், இரண்டு சீட்டுகள், இருவேறு செலவு

கேள்வி: எங்கள் குடும்ப மருத்துவர் எழுதும் சீட்டில் எப்போதும் ஐந்தாறு மருந்துகள் இருக்கின்றன. அதே நோய்க்கு வேறொரு மருத்துவரிடம் பார்க்கும் உறவினருக்கு எங்கள் செலவில் பாதிகூட ஆவதில்லை. எங்கள் மருத்துவர் தேவைக்கு மேல் எழுதுகிறாரா என்பதை எப்படி அறிவது? விலை குறைந்த மருந்துக்கு மாறினால் பலன் குறையுமா?

பதில்: செலவை மட்டும் வைத்து இரு மருத்துவர்களை ஒப்பிட்டால் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவோம். முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மிகுதியாக வரும் இடத்தில் சீட்டு நீளமாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வெளியிட்ட வழிகாட்டி, மருந்து எழுதும் வழக்கத்தை அளக்க ஐந்து செய்திகளைக் கவனிக்கச் சொல்கிறது: ஒரு வருகைக்குச் சராசரியாக எத்தனை மருந்துகள், அவற்றில் எத்தனை பொதுப்பெயரில் (நிறுவனம் சூட்டிய வணிகப் பெயரில் அல்லாமல், மருந்தின் சொந்தப் பெயரில்) எழுதப்பட்டவை, எத்தனை வருகைகளில் ஆன்டிபயாடிக், எத்தனையில் ஊசி, எத்தனை மருந்துகள் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலைச் சேர்ந்தவை. ஒரே சீட்டில் இவை தெரியா. வீட்டிலுள்ள பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். சாதாரணச் சளிக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் இருந்தால், அதை மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

அடுக்கும்போது வயிற்றுக்கான மாத்திரையைத் தனியே கவனியுங்கள். சில நாள் வலி மாத்திரைக்குத் துணையாகத் தொடங்கிய, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், வலி மாத்திரை நின்ற பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது மிகப் பரவலாக நடக்கிறது. வயிற்றுப்புண் வந்தவர்களுக்கும் ஆஸ்பிரின் உட்கொள்ளும் முதியவர்கள் பலருக்கும் அது அவசியம். மற்றவர்கள் தொடர்வதற்குக் காரணம் கேட்டறிய வேண்டும். நீண்ட நாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலச் சுரப்பு கூடி எரிச்சல் திரும்பலாம் என்பதால், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே முறை.

விலை பற்றிய ஐயத்துக்கு விடை மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டிருக்கும் பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் பாருங்கள். இவ்விரண்டும், மாத்திரையின் வகையும் (சாதாரணமானதா, மெதுவாகக் கரைவதா என்பது) ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்றே. காப்புரிமை முடிந்த மருந்தைப் பிற நிறுவனங்கள் தயாரிக்கும்போது ஆய்வுச் செலவை மீட்க வேண்டிய சுமை அவர்களுக்கு இல்லை, போட்டியும் கூடுகிறது. விலை இறங்குவதற்கு இவையே முக்கியக் காரணங்கள். இப்படிப் பிற நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்து, முதலில் வந்த மூல மருந்தைப் போலவே இரத்தத்தில் சேர்கிறது என்று ஒப்புதலுக்குப் பொதுவாகச் சோதனையில் காட்ட வேண்டும். ஆகவே பெரும்பாலான மருந்துகளில் தயங்காமல் மாறலாம். ஆனால் வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான லிவோதைராக்சின் போன்றவற்றில் சிறு அளவு மாற்றமும் உடலைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவருக்குத் தெரியாமல் நிறுவனத்தை மாற்றாதீர்கள்.

அடுத்த முறை செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று, ஒவ்வொன்றையும் காட்டி, “இது எதற்கு, எத்தனை நாளைக்கு?” என்று கேளுங்கள். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியதால் ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் இரண்டு மடங்காக விழுங்கிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் வெளிப்படும்.